மூன்றாவது கவுண்டர்

சார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர்க் கடைக்கும் கர்ட்டன் கடைக்கும் நடுவில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
நாலு கவுண்டர், நாலு கம்ப்யூட்டர்.
என்னுடையது மட்டும் தூங்குமூஞ்சி.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் என்று
வந்துகொண்டிருக்கும்போதே
திரை பொசுக்கென்று கறுத்துவிடும்.
பெட்டியின் நெற்றியில் ஆரஞ்சு விளக்கு ஒன்று
மூச்சு விடுகிற மாதிரி
எரியும், அணையும், எரியும்.
தட்டி எழுப்பி, பாஸ்வேர்டு கொடுத்து,
விட்ட இடத்தைப் பிடிக்க ரெண்டு நிமிஷம்.
அந்த ரெண்டு நிமிஷத்தில்
சந்தனசாமி ஃபோர்மேன் மருமகனோடு பேச்சில்லை என்பார்.
கரம் இலாஹி டிரைவர்
புரியாத உருதில் தன் முட்டிவலியை விளக்குவார்.
நான் திரையையே முறைத்துக்கொண்டிருப்பேன்.

'ஒருபோதும் தூங்காதே' என்று
செட்டிங்கில் போய் மாற்றினேன்.
சரி என்றது. தூங்கியது.

லிஜோ வந்தான். திருகாணிகளை
உதட்டில் கவ்விக்கொண்டு பெட்டியைத் திறந்தான்.
ஃபேனில் ஒரு கைப்பிடி மணல்.
'சூடாணு பிரஸ்னம், சேச்சி' என்றான்.
ஊதினான், பிரஷ்ஷால் தட்டினான்,
ராம் மாற்றினான், மவுஸ் மாற்றினான்,
அறுபது திர்ஹம் வாங்கிக்கொண்டு போனான்.
மறுநாள் பத்தரைக்கு
ஒரு பெயிண்டரின் விசா எண் பாதியில்
மறுபடி ஆரஞ்சு விளக்கு.

முதலாளி உபைத் எட்டிப் பார்த்து
அரபியில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.
நாலாவது கவுண்டர் மெஹ்ருன்னிசா பெயர்த்துச் சொன்னாள்:
'உன்னைவிடச் சம்பளம் கம்மி அதுக்கு,
தூங்கிட்டுப் போகட்டுமாம்.'

அப்புறம்தான் நோட்டுப் போட்டேன்.
எத்தனை மணிக்கு, யாருடைய வேலையில்.
9.10, ரிகர், இருபத்தாறு வருஷம்: தூங்கியது.
9.40, ஹெல்ப்பர், வந்து எட்டு நாள்: இல்லை.
11.05, சமையல்காரர், பத்தொன்பது வருஷம்: இரண்டு முறை.
ஒரு பக்கம் நிறைந்ததும் படித்துப் பார்த்தேன்.
புது ஆட்களுக்கு ஒருதடவைகூட இல்லை.

வியாழக்கிழமை பிடிபட்டது.
நம்பர் பார்த்து அடிக்க வசதியாக
பாஸ்போர்ட்டை விரித்து
கீபோர்டின் தலைமாட்டில் சாய்த்து வைப்பது என் பழக்கம்.
புதியது இலை மாதிரிக் கிடக்கும்.
பழைய ஆட்களுடையது
காலாவதியானது, அதற்கு முன்னால் காலாவதியானது
எல்லாம் சேர்த்துப் பின் அடித்து
ரப்பர் பேண்ட் போட்ட அரைச் செங்கல்.
அது போய் உட்காரும் இடத்தில்
பிறை படம் போட்ட பொத்தான் ஒன்று.
இங்கே வந்த ஐந்து வருஷத்தில்
என் விரல் படாத பொத்தான்.

கத்தரிக்கோல் முனையால் நெம்பினேன்.
தெறித்துப் போய்
மெஹ்ருன்னிசாவின் சுலைமானியில் விழுந்தது.
'பிறை தெரிஞ்சாச்சு,
நாளைக்குப் பெருநாள்' என்றாள்.

அதோடு தூக்கம் போயிற்று.
ஒரு ஃபாரத்துக்கு நாலு நிமிஷம்.
வரிசை வாசலைத் தாண்டவில்லை.
உபைத் ஒருநாள் தலையசைத்தார்.

நேற்று ஷட்டர் இறக்கும் நேரத்தில்
தவசிலிங்கம், வெல்டர். விசா கேன்சல்.
நாலு பாஸ்போர்ட், முப்பத்தொரு வருஷம்.
அடித்தேன், அச்செடுத்தேன்,
கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி இட்டேன்.
போட்டார். பேனா மூடியைத் தேடியெடுத்து மாட்டினார்.
'அவ்வளவுதானாம்மா?'

அவ்வளவுதான்.
'அனுப்பு' என்பதை அழுத்தினால் முடிந்தது.

பொத்தான் பிடுங்கிய குழியில்
ரப்பர் மொட்டு ஒன்று இன்னும் இருக்கிறது.
சுண்டுவிரலால் அமுக்கினேன்.
திரை கறுத்தது.

'கொஞ்சம் இருங்க, சிஸ்டம் தூங்கிருச்சு.'

'மெதுவா வரட்டும். ஃபிளைட்டு பதினெட்டுதான்'
என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
ஆரஞ்சு விளக்கைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு, பக்கத்து டயர்க் கடைப் பக்கம் கைகாட்டி,
'அந்த ஷட்டர் இருக்கு பாருங்க' என்றார்,
'அது நான் வெச்சது.'